பில்லியர்ட்ஸ் ஆட்டோகிராஃப்: சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

நைன் பால் என்ற ஒன்பது பந்து பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் பெரிய வீரர்களிடம் கையெழுத்து வாங்குவது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. கிரிக்கெட், கால்பந்து நட்சத்திரங்களைப் போல இவர்களைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் இருக்காது. ஆட்டம் முடிந்து கியூ ஸ்டிக்கைக் கழற்றிப் பையில் வைத்த பிறகு பக்குவமாகக் கேட்டால் பெரும்பாலும் போட்டுக் கொடுப்பார்கள். வந்த கையெழுத்தைக் காப்பாற்றுவதுதான் பாடு. போலியை வாங்கி ஏமாறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அசல் கையெழுத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது.

அப்படிக் கெடுவதில் முதலிடம் பந்துக்குத்தான். நல்ல பந்துகள் பீனாலிக் ரெசின் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆனவை. பெல்ஜியத்தில் தயாராகும் அராமித் பந்துகள் இந்த வகை. 57.15 மி.மீ. விட்டமுள்ள அந்த உருண்டை மையைக் கொஞ்சமும் உறிஞ்சாது. மை ஒரு மெல்லிய படலமாக மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். புதுப் பந்தில் பாலிஷ், ஆடிய பந்தில் கியூ நுனியில் தேய்க்கும் சாக் தூளும் கை எண்ணெயும் படிந்திருக்கும். அதன்மேல் எழுதிய கையெழுத்து, ஒரு மாதம் கழித்து விரல் பட்டாலே உரிந்து வரும்.

அதனால் முந்தின நாளே பந்தைத் தயார் செய்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவித் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் முழுப் பந்தையும் துடையுங்கள். காய்ந்ததும் வெறும் கையால் தொடாமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

வெள்ளைப் பந்துக்கு நுனி மெல்லிய பெர்மனன்ட் மார்க்கர் சரிவரும். எட்டாம் எண் போன்ற கரும்பந்துக்கு வெள்ளி அல்லது பொன் நிறப் பெயின்ட் மார்க்கர் வேண்டும். பெயின்ட் மார்க்கரை அப்படியே நீட்டிவிடாதீர்கள். நன்றாகக் குலுக்கி, வேறொரு தாளில் நுனியை அழுத்தி, மை சீராக வரும்வரை கிறுக்கிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் எழுத்திலேயே ஒரு பெரிய சொட்டு விழுந்து வழியும். பந்து உருளாமல் இருக்க, அகலமான செல்லோடேப் ரோலின் நடுவளையத்தில் உட்கார வைத்துக் கொடுங்கள். வீரருக்கும் எழுதச் சுலபம், கோடும் நடுங்காது. எழுதி முடித்ததும் மார்க்கர் மையென்றால் 10 நிமிடமாவது, பெயின்ட் என்றால் ஓர் இரவு முழுதும் எதுவும் படாமல் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் கடைசியில் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. பாதுகாப்புக்கு என்று மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் மார்க்கர் மையையும் கரைக்கும்; கண்ணெதிரே கோடுகள் பரவிப்போகும். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். வெயில் படாத அலமாரியில், கையெழுத்து எதிலும் உரசாதபடி அக்ரிலிக் பெட்டியில் வைத்தாலே போதும்.

கியூ ஸ்டிக்கில் வாங்குபவர்கள் ஷாஃப்டில், அதாவது முன்பாதி மரத்தில், வாங்காதீர்கள். வழவழப்புக்காக அடிக்கடி துடைத்துத் தேய்க்கும் பகுதி அது. கைப்பிடிக்குக் கீழே பளபளப்புப் பூச்சுள்ள அடிப்பகுதியே நல்லது. பழைய ஸ்டிக்குகளில் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு இருக்கக்கூடும். அதை ஆல்கஹாலால் துடைத்தால் பூச்சே கரைந்துவிடும். அவற்றுக்கு லேசான ஈரத்துணி போதும். சுவரில் சாய்த்து வைத்தால் மரம் வளையக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். தந்த வேலைப்பாடு உள்ள பழைய ஸ்டிக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். அழகாக இருந்தாலும் இந்தியச் சட்டத்தில் அது குற்றம்.

பழைய பொருளை விலைக்கு வாங்கும்போதுதான் போலிகளின் கவலை வருகிறது. முதலில் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க பில்லியர்ட்ஸ் சாம்பியன் வில்லி ஹாப்பி 1959-இல் காலமானார். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்தது 1964-இல். ஹாப்பி ஷார்ப்பியால் போட்ட கையெழுத்து என்று எவராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஹாப்பி பெயரில் பிரன்ஸ்விக் என்ற பில்லியர்ட்ஸ் பொருள் நிறுவனம் விற்ற ஸ்டிக்குகள் ஏராளம். அப்படி வீரர் பெயரில் வந்த ஸ்டிக்குகளில் அச்சடித்த பெயரை ஆட்டோகிராஃப் என்று விற்பது பழைய தந்திரம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்: அச்சென்றால் மையின் அடர்த்தி எங்கும் ஒரே மாதிரி இருக்கும், பெரும்பாலும் பூச்சுக்கு அடியில் பதிந்திருக்கும். கையால் எழுதியதில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை இரட்டிப்பாகக் கறுத்திருக்கும்.

மின்னசோட்டா ஃபேட்ஸ் விஷயம் இன்னும் சிக்கல். அந்தப் பெயரில் புகழ்பெற்ற அமெரிக்க பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ருடால்ஃப் வாண்டரோன், 1996-இல் காலமானவர், கேட்டவர்களுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்த கையெழுத்துகள் நிறைய உண்டு. அவரே கொடுத்ததுதான், ஆனாலும் அவர் கையால் எழுதியதில்லை. விற்பவர் பொய் சொல்லாமலேயே நீங்கள் ஏமாறக்கூடிய இடம் இது. நினைவுப் பொருளாக வைத்திருக்கலாம். கையெழுத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. 1990-களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் பிடித்த போலிகளோடும் பகட்டான சான்றிதழ்கள் இருந்தன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற, கையெழுத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் நிறுவனங்களின் ஸ்டிக்கர் இருந்தாலும் அதிலுள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் விவரம் உங்கள் கையிலுள்ள பொருளோடு ஒத்துப்போக வேண்டும்.

நீங்களே நேரில் வாங்குவதாக இருந்தால் வீரர் எழுதிக்கொண்டிருக்கும்போது, பந்தும் முகமும் தெரிய ஒரு படம் எடுத்துவிடுங்கள். போட்டி நுழைவுச்சீட்டோடு தேதி, இடம், எந்த மார்க்கர் என்ற விவரத்தைத் தனித்தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பந்தில் டேப் ஒட்டி அதன்மேல் எழுத வேண்டாம். பின்னால் அதை உரிக்கும்போது கையெழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.