சின்ன டிஜிட்டல் கேமரால எடுத்த போட்டோவ காட்டி உருப்படியா கருத்து கேக்குறது எப்படி

எடுத்தத எல்லாம் அப்படியே அள்ளிக் கொட்டாதீங்க, அதான் முதல் விஷயம். ஒரே பூவ பத்து பதினஞ்சு ஷாட் எடுத்திருப்பீங்க, அத்தனையும் அனுப்புனா பாக்குறவங்க "சூப்பர்"னு ஒரு வார்த்த போட்டுட்டு போயிடுவாங்க. ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு போதும்.

எத அனுப்பலாம்னு கேமரா பின்னாடி இருக்குற குட்டி ஸ்க்ரீன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, அதுல எல்லாமே ஷார்ப்பா தான் தெரியும். கம்ப்யூட்டர்ல 100% ஜூம்ல பாருங்க. படம் முழுக்க ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா கை ஆடியிருக்கு, ஆள் மங்கலா பின்னாடி சுவர் பளிச்சுனு இருந்தா ஃபோகஸ் தப்பியிருக்கு, அசையுற கை கால் மட்டும் கலைஞ்சிருந்தா ஷட்டர் ஸ்பீட் (ஷட்டர் எவ்வளவு வேகமா தொறந்து மூடுதுங்குறது) பத்தல. இது தெரிஞ்சாலே பாதி கேள்விக்கு பதில் நம்மகிட்டயே இருக்கும்.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படத்த சுருக்கிடும், ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) எல்லாம் ஃபைல்லயே பதிஞ்சிருக்குற எக்சிஃப் தகவலும் போயிடும். அதனால டாக்குமெண்ட்டா அனுப்புங்க, ஆனா லொகேஷன் பதியுற கேமரான்னா அதுவும் கூடவே போகும், வீட்ல எடுத்த படம்னா அந்த லொகேஷன நீக்கிட்டு அனுப்புறது நல்லது. ஃபைல் ரொம்ப பெருசா இருந்தா ஒரு காப்பி எடுத்து நீளப்பக்கம் 2048 பிக்சல் வெச்சுக்குங்க, ஒரிஜினல்ல கை வெக்காதீங்க.

"எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டா நல்லா இருக்குன்னு தான் பதில் வரும். என்ன நெனச்சு எடுத்தீங்க, எது சரியா வரலன்னு தோணுது, செட்டிங் என்னன்னு சொல்லிட்டு கேளுங்க. "ஃபுல் ஜூம், 1/15 செகண்ட், ஐஎஸ்ஓ 800, முகம் தெளிவா வரல"ன்னு சொன்னா, ஃபுல் ஜூம்ல அந்த ஸ்பீட் கைக்கு தாங்காது, எங்கயாவது சாஞ்சு நின்னு எடுங்கன்னு உடனே சொல்லிடலாம்.

கருத்து சொல்றவங்களும் இந்த கேமராவோட அளவ மனசுல வெச்சுக்கணும். நெறைய காம்பாக்ட்ல (இந்த மாதிரி சின்ன கேமரால) வெளிச்சத்த படமா மாத்துற சென்சார் 1/2.3 இன்ச் டைப், அதாவது சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர் தான், ஃபுல் ஃப்ரேம்ங்குற பெரிய சென்சார் கேமரால அது 36 x 24. அதனால பேக்ரவுண்ட் அவ்வளவு சுலபமா மங்காது, "ப்ளர் பத்தல"ன்னு சொல்லிட்டு விட்டா எடுத்தவருக்கு எந்த பிரயோஜனமும் இல்ல. ஆள சுவத்துலருந்து நல்லா தள்ளி நிக்க வெச்சு ஜூம் பண்ணி எடுங்க, பூவா இருந்தா ஜூம் இல்லாம மேக்ரோல (ரொம்ப கிட்ட இருக்குறத எடுக்குற மோட்) கிட்ட போங்கன்னு வழி சொல்லுங்க. லேண்ட்ஸ்கேப்புக்கு எஃப்8 (எஃப் நம்பர் ஏற ஏற லென்ஸ் துவாரம் சின்னதாகும்) வைன்னு பெரிய கேமரா பழக்கத்துல சொல்லிடாதீங்க, இவ்வளவு சின்ன சென்சார்ல எஃப்8 போனா டிஃப்ராக்ஷனால (சின்ன துவாரத்துல வெளிச்சம் பரவுறதால) படம் சாஃப்ட் ஆயிடும், எஃப்4 பக்கமே போதும். "வேற கேமரா வாங்குங்க"ங்குறத கருத்துன்னே நான் எடுத்துக்க மாட்டேன்.

படத்த பாத்ததும் கண்ணு முதல்ல எங்க போச்சுன்னு சொல்றது ரொம்ப உதவும். "எடது ஓரத்துல இருக்குற வெள்ளக் கதவு தான் முதல்ல தெரியுது, ரெண்டடி நகந்து எடுத்திருந்தா அது தூண் பின்னாடி மறைஞ்சிருக்கும்" இப்படி, அவர் அடுத்த தடவ செஞ்சு பாக்குற மாதிரி. அடுத்தவங்க படத்த எடிட் பண்ணி காட்டணும்னா கேட்டுட்டு பண்ணுங்க.

கருத்து கெடச்சதும் முடிஞ்சா அதே எடத்துல, அதே வெளிச்சத்துல திரும்ப எடுத்து, பழசு புதுசு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, என்ன மாத்துனீங்கன்னு எழுதி திரும்ப அனுப்புங்க.