நாள் பேக்கைத் தின்பது எந்தப் புரோகிராம்?

கீழக்கரையில் வளைகுடாவில் இருப்பவரோடு வீடியோ கால் பேசும்போது படம் உறைந்துவிடும். தொண்டியில் ஒரு இ-சேவை மையத்தில் ஏற்ற வேண்டிய பிடிஎஃப் சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே டவரைத் திட்டுகிறோம். பல நேரம் கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது: பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் டேட்டாவை இழுத்துக்கொண்டிருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு நட்டம் இரட்டிப்பு: வேகமும் போகும், 1.5 ஜிபி நாள் பேக்கும் மதியத்துக்குள் காலியாகும்.

எந்தப் புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது. டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தி இருந்தாலும், ஒரு புரோகிராம் எந்த முகவரியோடு பேசுகிறது என்பதை அது காட்டாது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறவுங்கள். நெட்வொர்க் டேபில் முதல் பட்டியலின் 'டோட்டல்' தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் இழுப்பது மேலே வரும். அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் போடுங்கள். கீழுள்ள பட்டியல்கள் அந்தப் புரோகிராமின் இணைப்புகளை மட்டும் காட்டும்.

அந்த எண்கள் விநாடிக்கு இத்தனை பைட் என்ற கணக்கு. 1,25,000 என்று நிலையாக நின்றால் அது 1 எம்பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு மெகாபிட்). ஒரு மணி நேரத்தில் 450 எம்பி போய்விடும். 1.5 ஜிபி பேக் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். இது கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். புரோகிராமை மூடிய பிறகும் எண் மெல்லத்தான் இறங்கும். 'மூடியும் ஓடுகிறதே' என்று பதறி அடுத்ததையும் மூடிவிடாதீர்கள். கணினி அனுப்பும் அளவைக் காட்டும் 'சென்ட்' பத்தியையும் தனியாகப் பாருங்கள்: போட்டோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றும் ஒன்டிரைவ் போன்றவை அங்கேதான் பிடிபடும். மேலேற்றம் நெரிந்தால் கீழிறக்கமும் தடுமாறும்.

முகவரி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் அது உங்கள் அறைக்குள்ளேயே, பிரிண்டருக்கோ பக்கத்துக் கணினிக்கோ போகிற போக்குவரத்து. பேக்கில் கழியாது.

பலரும் திணறும் இடம் 'எஸ்விசிஹோஸ்ட்'. இது பல விண்டோஸ் சர்வீஸ்கள் குடியிருக்கும் வீடு. அதை அப்படியே நிறுத்தினால் நெட் இணைப்பே அறுந்துபோகலாம். அதன் பிஐடி எண்ணை (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் டேபில் அதே எண்ணைத் தேடுங்கள். விண்டோஸ் அப்டேட் என்றோ டெலிவரி ஆப்டிமைசேஷன் என்றோ பெயர் வந்தால் அப்டேட் இறங்குகிறது என்று அர்த்தம். அப்டேட் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு 'பாஸ்' கொடுத்து, நல்ல வைஃபை கிடைக்கும்போது மறக்காமல் முடித்துவிடுங்கள். டெலிவரி ஆப்டிமைசேஷனில் மற்றக் கணினிகளோடு அப்டேட்டைப் பகிரும் அனுமதியையும் அணைத்துவிடலாம்.

குரோம் மேலே வந்தால், குரோமுக்குள் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப் இழுக்கிறது என்று தெரியும். லினக்ஸில் இதே வேலைக்கு நெட்ஹாக்ஸ் என்ற கருவியை சூடோவுடன் (நிர்வாகி அனுமதியுடன்) ஓட்டினால் போதும்.

நேற்றுப் போன டேட்டாவுக்கு இன்று ரிசோர்ஸ் மானிட்டரில் தடயம் இருக்காது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் 'டேட்டா யூசேஜ்' புரோகிராம் வாரியாகக் கடந்த 30 நாள் கணக்கைத் தரும்.

ஹாட்ஸ்பாட்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (இது அளவான டேட்டா என்று விண்டோஸுக்குச் சொல்லும் அமைப்பு) ஆன் செய்வது. பெரும்பாலான அப்டேட்கள் அதன் பிறகு காத்திருக்கும். இது ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. போனையோ ஹாட்ஸ்பாட் பெயரையோ மாற்றினால் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

எந்தப் புரோகிராமும் இழுக்கவில்லை, ஆனாலும் நெட் நகரவில்லையா? கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்து, அது காட்டும் 'டிஃபால்ட் கேட்வே' முகவரிக்கும் (ஹாட்ஸ்பாட்டில் அது உங்கள் போன்) கூகுளின் 8.8.8.8-க்கும் தனித்தனியே பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். கேட்வே பதிலே தடுமாறினால் லேப்டாப்பையும் போனையும் பக்கத்தில் வையுங்கள். கேட்வே சில மில்லிசெகண்டில் பதில் தந்து, 8.8.8.8 மட்டும் 'டைம்டு அவுட்' என்றால் அப்போது தாராளமாக டவரைச் சொல்லலாம். போனை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி பிங் கொடுத்துப் பாருங்கள்.