கோட்டயம் போற ரப்பர்காரங்களுக்கு ஒரு குறிப்பு
கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தொழில்ல இருக்கவங்க ரப்பர் போர்டு விசயமா கோட்டயம் போனா, வேலை முடிஞ்ச கையோட ரயில் ஏறிடாதீங்க, ஒரு ராத்திரி தங்கி பழைய கூட்டாளிகள பாருங்க. சாயா குடிச்சிட்டு பேசும்போதுதான் ஆர்ஆர்ஐஐ 105ங்கற ரப்பர் ரகத்துக்கு பதிலா 430 ரகம் நட்டவங்க தோட்டம் எப்படி இருக்கு, மழைத்தண்ணி வெட்டுல படாம இருக்க மரத்துல பிளாஸ்டிக் எப்போ ஒட்டுறாங்க, பால்வெட்டுக்கு ஆள் கிடைக்குதா எல்லாம் மனசு விட்டு சொல்லுவாங்க, எனக்கு அந்த பேச்சு அவ்வளவு பிடிக்கும். நம்ம ரப்பர் ஷீட்ல ஒரு துண்டு கையில கொண்டு போங்க, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாத்தே குமிழி இருக்கா, புகை சரியா பட்டிருக்கான்னு சொல்லிடுவாங்க. நம்பர் சேவ் பண்ணும்போது பேரோட ஊரும் என்ன ரகம் நட்டிருக்காருன்னும் சேத்து போடுங்க, எத்தன வருசம் கழிச்சு கூப்பிட்டாலும் பேச்சு அங்கிருந்தே தொடங்கிரும்.