சிறிதளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தமிழில் ‘கொஞ்சம்’ என்னும் ஒரே சொல் செய்து முடிக்கும் வேலையை ஆங்கிலம் ‘எ லிட்டில்’, ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’, ‘சம்வாட்’, ‘ரேதர்’, ‘ஹார்ட்லி’ எனப் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அகராதியில் இவற்றுக்கு எதிரே ‘சிறிது’ என்றோ ‘சற்று’ என்றோதான் பெரும்பாலும் இருக்கும் என்பதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதலாம் என்று தோன்றும். அளவில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதே. ஆனால் ஒரு சொல் ‘இருக்கிறது’ என்ற பக்கம் சாய்கிறதா, ‘இல்லை’ என்ற பக்கம் சாய்கிறதா என்பதைப் பொறுத்து வாக்கியத்தின் பொருளே தலைகீழாகிவிடும். எழுதுமுன் தீர்மானிக்க வேண்டியது அந்தச் சாய்வைத்தான்.

‘எ ஃபியூ’ என்பதற்கும் வெறும் ‘ஃபியூ’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதைப் பிரித்தறியத் தமிழிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் சொல்ல வருவது ‘சிலர் வந்தார்கள்’ என்றால் ‘எ ஃபியூ’ என்று எழுதுங்கள். ‘சிலர்தான் வந்தார்கள்’ என்று குறைபட்டுச் சொல்வதானால் முன்னே நிற்கும் ‘எ’ போய்விட வேண்டும். பால், நேரம், பணம் போல எண்ணிச் சொல்ல முடியாதவற்றுக்கு இதே முறையில் ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’ என்பவை வரும். ‘எ லிட்டில் டைம்’ இருப்பவரிடம் ஒரு வேலையைக் கேட்கலாம். ‘லிட்டில் டைம்’ என்று எழுதியவர் நாகரிகமாக மறுத்துவிட்டார் என்று பொருள். ‘ஒன்லி எ ஃபியூ’ மறுபடியும் ‘சிலர்தான்’ என்பதற்கே திரும்புகிறது. இந்தக் கணக்குக்குள் அடங்காமல் ‘குவைட் எ ஃபியூ’ என்பது ‘கணிசமானோர்’ என்றே பொருள்படுகிறது. இதற்குக் காரணம் தேடுவதைவிட அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வது மேல்.

‘ஏறக்குறைய இல்லை’ என்ற பக்கம் சாயும் ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘பேர்லி’ ஆகிய மூன்றும் ஏற்கெனவே பாதி மறுப்பைச் சுமந்திருப்பதால், அவற்றோடு இன்னொரு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்’ என்பது பிழை. ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர்’ என்பதே சரி. ‘ஹார்ட்லி’ என்பதை ‘ஹார்ட்’ என்பதன் நீட்சியாகக் கருதி, கடுமையாக உழைத்தவரை ‘ஹார்ட்லி வொர்க்ட்’ என்று எழுதினால், அவர் வேலையே செய்யவில்லை என்று சான்றளித்ததாகிவிடும். ‘பேர்லி’ மட்டும் சற்றே மாறுபடுகிறது. நூற்றுக்கு 35 மதிப்பெண் தேர்ச்சிக்குப் போதும் என்ற தேர்வில் சரியாக 35 வாங்கியவர் ‘பேர்லி பாஸ்ட்’. அதாவது தட்டுத்தடுமாறி எல்லையைத் தாண்டிவிட்டார்.

பண்புச் சொற்களின் முன்னே வைக்கும்போது, அந்தப் பண்பு விரும்பத்தக்கதா இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். ‘எ பிட்’, ‘எ லிட்டில்’ இரண்டும் குறைகளோடுதான் இயல்பாகச் சேரும்: ‘எ பிட் போரிங்’ எனலாம், ‘எ பிட் குட்’ என்றால் காதுக்கு ஒவ்வாது. ஒப்பிட்டுச் சொல்லும்போது இந்தத் தடை இல்லை. ‘எ பிட் பெட்டர்’ என்று தாராளமாக எழுதலாம். நல்லதை அளவோடு பாராட்ட ‘ஃபேர்லி’ உதவும். ‘ரேதர்’ எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்ற தொனியைத் தருவதால், ‘ரேதர் வார்ம்’ என்று ஒருவர் சொன்னால் மின்விசிறியைப் போடச் சொல்கிறார் என்றே கொள்ளலாம். விலை, வெப்பநிலை, விற்பனை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளுக்கு, விருப்பு வெறுப்பு ஏதும் இல்லாத ‘ஸ்லைட்லி’ மிகப் பொருத்தம். ‘சம்வாட்’ எழுத்து நடைக்கு உரியது. கடைத்தெருப் பேச்சில் அது விறைப்பாக ஒலிக்கும்.

பெயர்ச்சொற்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீடு உண்டு. உப்புக்கும் மஞ்சள்தூளுக்கும் ‘பின்ச்’. எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்றவற்றுக்கு ‘டேஷ்’. மணத்துக்கும் சுவைக்கும் ‘ஹின்ட்’. ஒரு மொழியை அரைகுறையாக அறிந்திருப்பதற்கு ‘ஸ்மாட்டரிங்’. ‘ட்ரேஸ்’ ஆய்வுக்கூடத்திலும் வானிலைக் குறிப்பிலும் புழங்குவது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை 0.01 அங்குலத்துக்கும் குறைவாகப் பெய்து, அளக்க முடியாமற்போன மழையை அப்படித்தான் பதிவு செய்கிறது. கிரேக்க எழுத்தின் பெயரான ‘அயோட்டா’ பெரும்பாலும் மறுப்போடுதான் வரும். பழைய பின்ன அளவையின் பெயரான இம்மியை நாமும் ‘இம்மியளவும் இல்லை’ என்று மறுப்பிலேயே வழங்குவதால், இந்த ஒன்றை மட்டும் தமிழ்க் காது உடனே பிடித்துக்கொள்ளும்.

சிறுமையைத் தமக்குள்ளேயே கொண்ட சொற்களும் உண்டு. ‘ஸிப்’ (ஒரு மிடறு), ‘நிபிள்’ (கொறித்தல்), ‘கிளான்ஸ்’ (கணநேரப் பார்வை), ‘ட்ரிஸில்’ (தூறல்) ஆகியவற்றோடு ‘எ லிட்டில்’ சேர்க்கத் தேவையில்லை. தூறலைச் சிறு தூறல் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நிறத்துக்கும் நேரத்துக்கும் வயதுக்கும் ‘இஷ்’ என்ற விகுதியே போதும்: ‘ரெடிஷ்’, ‘செவனிஷ்’, ‘யங்கிஷ்’. விண்ணப்பங்களில் மட்டும் இந்த விகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

இத்தனையும் கற்ற பிறகும், பிரிட்டிஷார் பெரிய ஆபத்தையும் சின்னச் சொல்லால் மூடும் பழக்கம் உடையவர்கள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1951 ஏப்ரலில், கொரியப் போரின் இம்ஜின் ஆற்றுச் சண்டையில், சீனப் படையால் சூழப்பட்ட குளோஸ்டர்ஷயர் படையினரின் நிலையைப் பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி ‘எ பிட் ஸ்டிக்கி’ (கொஞ்சம் சிக்கல்தான்) என்று தெரிவிக்க, நிலைமை சமாளிக்கக்கூடியதே என்று அமெரிக்க மேலதிகாரி எடுத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் படையினரில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். ஆகவே, லண்டனிலிருந்து வரும் கடிதத்தில் ‘எ லிட்டில் கன்சர்ன்ட்’ என்று இருந்தால் அன்றைக்கே பதில் எழுதுங்கள். அவசரம் உங்களுடையதாக இருந்தால், படிப்பவர் எந்த நாட்டவரானாலும், ‘எ பிட்’ என்பதை அடித்துவிட்டு ‘அர்ஜென்ட்’ என்றே எழுதுங்கள்.