இறுதியாண்டுக் கண்காட்சியின் காட்சி அடையாளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடிவமைப்பு மாணவர்கள் தங்கள் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு அடையாளம் உருவாக்க உட்காரும்போது, லோகோவிலேயே பாதி நாட்களைக் கரைத்துவிடுகிறார்கள். சில நாட்களில் முடிந்துவிடும் நிகழ்ச்சிக்கு, சுவரொட்டி, வழிகாட்டிப் பலகை, படைப்பின் அருகே பெயரும் தலைப்பும் தாங்கும் குறிப்பட்டை, கையேடு, இணையப்பக்கம் என எதில் வைத்தாலும் இனங்காணக்கூடிய சில விதிகள் இருந்தாலே போதும். 1923இல் ஜெர்மனியின் வைமர் நகரில் நடந்த, பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கண்காட்சிக்காக ஆசிரியர்களும் மாணவர்களுமாக 20 அஞ்சலட்டைகளை உருவாக்கினார்கள். சேதி ஒன்றாக இருக்க, ஒவ்வொரு அட்டையிலும் வரைந்தவரின் கை தனியே தெரிந்தது.

அடையாளமே படைப்புகளோடு போட்டிக்கு நிற்பது அடுத்த தவறு. சுவர் முழுவதும் அடர்வண்ணக் கோலம் ஓடினால், அதன்முன் வைத்த மென்மையான ஓவியத்தை யார் பார்ப்பார்கள்?

என் கணக்கில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது குறிப்பட்டைதான். மாதிரி செய்யும்போது நான்கெழுத்துப் பெயரை இட்டு அழகு பார்க்கிறோம். முப்பது எழுத்துப் பெயர் வந்ததும் வரி உடைந்து தலைப்பின்மேல் ஏற, கடைசி இரவில் அந்த ஒரு பெயரை மட்டும் சுருக்கிப் பிழிகிறோம். ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவரின் பெயர் பக்கத்துப் பெயரைவிடச் சிறுத்து நிற்பது சின்னக் குறையா? பட்டியலின் மிக நீண்ட பெயரையும் தலைப்பையும் முதலில் வைத்து அமைத்து, உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டடி தள்ளி நின்று படித்துப் பார்க்க வேண்டும்.

திரையில் பளபளக்கும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மைகளால் அச்சாகும்போது மங்கிவிடும் என்பதால், சோதனை அச்சு பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யக் கூடாது. ஏ1 சுவரொட்டியின் அகல உயர விகிதம் ஏறத்தாழ 1:1.41, கைபேசியின் நெடுந்திரைப் பதிவுக்கு 9:16. ஒன்றைச் சுருக்கி மற்றொன்றாக்கினால் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்படும்.

கடைசி வாரத்தில் குறிப்பட்டையைத் திருத்தப்போகிறவர் பெரும்பாலும் அதை வடிவமைத்தவராக இருக்கமாட்டார். அவருடைய மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றை வைத்துவிடும். ஆகவே குழு முழுவதும் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கும் எழுத்துருவை முதலிலேயே தேர்ந்து, அதை வார்ப்புருக் கோப்போடு சேர்த்தே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும்.