பழைய 1/35 டாங்கி மாடலைச் சீராக்க: முதலில் ட்ராக்கைக் கழற்றுங்கள்

ஜப்பானின் ஷிசுவோகாவில் இயங்கும் டமியா நிறுவனம் 1960களில் மோட்டார் வைத்த 1/35 டாங்கி கிட்களை, அதாவது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்களை, விற்கத் தொடங்கியது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதால் அமைந்த அளவுதான் அந்த 1/35. யாரோ சிறுவயதில் ஒட்டி, தடிமனாகப் பெயிண்ட் அடித்து, பரணில் போட்டவை இன்று பழைய பொருளாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கியதும் பெயிண்டைக் கழுவத்தான் கை பரபரக்கும். அவசரமான வேலை அது இல்லை.

ட்ராக் என்பது டாங்கிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை. அந்தக் கால ட்ராக் வினைலால் ஆனது. வினைலை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப்பசை வருடக்கணக்கில் கசிந்து, ஒட்டியிருக்கும் பாலிஸ்டைரீன் என்ற கெட்டி பிளாஸ்டிக் சக்கரத்தைக் கரைக்கும். லென்ஸில் பார்த்தால் சக்கர விளிம்பில் ட்ராக் அழுந்திய இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். தொட்டால் வெல்லப்பாகுபோல் பிசுபிசுக்கும். இழுத்தால் விளிம்பும் கூடவே பிய்ந்து வரும். மெல்லிய பிளேடை இடையில் நுழைத்து, ஒவ்வொரு கண்ணியாக விடுவியுங்கள். பிசுபிசுப்பைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, ஒரு வாரம் காயவிடுங்கள்.

பள்ளத்தை நிரப்பக் கடையில் விற்கும் நிரப்புப் பசையைவிட வீட்டில் செய்யும் கூழ் மேல். கிட் பாகங்கள் தொங்கும் சட்டத்தைப் பொடியாக நறுக்கி, திரவ பிளாஸ்டிக் பசையில் ஓர் இரவு ஊறவைத்தால் தேன் பதத்துக்கு வரும். காயும்போது சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே பூசி, 48 மணி நேரம் கழித்து அரத்தால் சீவுங்கள். முன்கூட்டியே சீவினால் மறுவாரம் அங்கே குழி விழுந்திருக்கும்.

பிளாஸ்டிக் பசை இரு பாகங்களையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அந்த ஒட்டைக் கரைத்துப் பிரிக்க வழியில்லை. சூப்பர் குளூவால் ஒட்டிய இணைப்புகளும், பசை குறைந்த இணைப்புகளும் ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வைத்தால் நொறுங்கி விடுபடும். மற்றதை மெல்லிய ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

அக்ரிலிக் பெயிண்ட் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் உரியும். எண்ணெய் வகைப் பெயிண்டான பழைய எனாமலுக்கு நீர் கலக்காத டெட்டாலில் ஓர் இரவு ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உடனே தண்ணீரில் காட்டினால் பெயிண்ட் தார்போலத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். முதலில் புது டெட்டாலில் அலசி, பிறகு சோப்பு நீர். எதையும் முதலில் அடிப்பாகத்தில் ஒரு துளி விட்டுச் சோதியுங்கள். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் மாடலையே உருக்கிவிடும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை ஈரமாக மட்டுமே தேயுங்கள்.

பேட்டரி முனையில் பூத்த உப்பைத் துடைக்குமுன் எந்த பேட்டரி கசிந்தது என்று பாருங்கள். அல்கலைன் என்றால் வினிகர், பழைய சிங்க்-கார்பன் என்றால் சமையல் சோடாக் கரைசல். பிறகு 400 நம்பர் உப்புத்தாள். மோட்டார் ஓடியும் வண்டி நகராமல் டக்டக்கென்றால், தண்டில் செருகிய சின்ன பல்சக்கரம் விரிசல் விட்டு வழுக்குகிறது. அதை மாற்றத்தான் வேண்டும். கியருக்கு சிலிகான் கிரீஸ் ஓர் அரிசி அளவு போதும். மோட்டார் நன்றாக இருந்தால் அடிப்பாகத்து சுவிட்ச் துளைகளை அடைக்காதீர்கள். அந்த மாடலின் அடையாளமே அவைதான்.

காய்ந்து இறுகிய ட்ராக் வெந்நீரில் ஐந்து நிமிடம் கிடந்தால் சற்று இளகும். இழந்த எண்ணெய் திரும்பாது. அறுந்ததை மெல்லிய செம்புக் கம்பியால் தைத்து, தையலை மட்கார்டுக்கு அடியில் மறையுங்கள். சக்கரத்துக்குப் பெயிண்ட் பூசி நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஓட்டாத நாட்களில் ட்ராக்கைக் கழற்றித் தனி பாலிதீன் பையில் வையுங்கள்.