வைப்பர் நின்றதும் மோட்டாரைக் கழற்றாதீர்கள்

வைகாசி பிறப்பதும் பர்மாவின் மோல்மீனில் மழை பிடிப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும். வருஷத்துக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர் அது. ரங்கூன் மழையைப் போல ஒன்றேமுக்கால் பங்கு. ரங்கூன் வழியில் தட்டோன் ஊரைத் தாண்டும்போது வைப்பர் நின்றுபோனால் ஹெட்லைட் எரிந்தும் பயனில்லை. அப்படி நின்ற பழைய ஜப்பான் லாரியைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு டிரைவர் சொல்லும் முதல் வார்த்தை, "அண்ணே, மோட்டார் போச்சு, வேற போடுங்க" என்பதுதான். நான் பார்த்தவரை மோட்டார் உண்மையிலேயே போன வண்டிகள் குறைவு. கழற்றி விற்கும் கடையில் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டி, அதுவும் ஓடாமல் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் காதைக் கொடுங்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, இரண்டு வைப்பரும் அசையாமல் கிடந்தால், மூடியைத் திறந்து மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் குட்டைக் கையான கிராங்கைப் பாருங்கள். அது சுற்றவில்லை என்றால் உள்ளே கியர் பல் தேய்ந்திருக்கும். சுற்றினால் கோளாறு, மோட்டாரையும் வைப்பர்களையும் இணைக்கும் லிங்கில். லிங்க் கம்பியின் முனையில் கிண்ணம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ் உண்டு. அது ஒரு இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். இருபது முப்பது வருஷ வெயிலில் அந்தக் கிண்ணம் மஞ்சளாகி, ஓரம் விண்டு, தொட்டாலே பொடியாக உதிரும். விரல் நுனி அளவுப் பொருள்தான், அது கழன்றால் முன் கண்ணாடி முழுக்கக் குருடு. இதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி ஓட்டுகிறார்கள். கம்பிக்கட்டு லிங்கைத் தாராளமாகத் திரும்ப விடாது, அந்தச் சுமை மோட்டார் மேல் விழும், அப்போதுதான் மோட்டார் நிஜமாகவே போகும். புஷ்ஷை மாற்றுங்கள். ஒரு பக்க வைப்பர் மட்டும் நின்றிருந்தால் அந்த வைப்பர் கையின் அடி நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனரை எடுத்து இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை.

ஒருமுறை சித்தாங் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் என் வண்டியிலேயே வைப்பர் நின்றது. ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் காத்திருந்தேன், தானாக ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. பல மோட்டார்களில் சூடு ஏறினால் தானே கரண்டை வெட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டு. ஆறினால் மறுபடி ஓடும். வீட்டுக்கு வந்து லிங்கைக் கழற்றி, வைப்பர் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால் துருவேறி இறுகியிருந்தது. தண்டை உருவி, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்தேன். அதே மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

மெதுவாக, முனகிக்கொண்டு ஓடினால் எர்த்தை, அதாவது மோட்டாரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். வைப்பரை ஓடவிட்டு வோல்ட் மீட்டரின் ஒரு முனையை மோட்டார் பாடியிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி உட்காரும் இடத்தைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி, இறுக்குங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. எனக்கு இதில் கோபமே வரும். தண்டு இறுகிவிட்டது, எங்கோ கம்பி உரசுகிறது என்று ஃபியூஸ் சொல்லவருவதை அங்கேயே வாயை அடைக்கிறோம். அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்க்கட்டு.

மோட்டாரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வோல்ட்டைப் பாருங்கள். பெரிய லாரி 24 வோல்ட். பிக்கப்பிலிருந்து கழற்றிய 12 வோல்ட் மோட்டார் அதில் நிலைக்காது. லிங்கைக் கோர்ப்பதற்கு முன்னால் மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு சுவிட்சை அணையுங்கள். அது தானாகப் போய் நிற்கும் இடத்தில்தான் கிராங்கை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வைப்பர் கண்ணாடி நடுவில் நிற்கும், அல்லது ஓரச் சட்டத்தில் இடிக்கும். நின்ற வைப்பரைக் கையால் தள்ளி நகர்த்தவும் கூடாது. உள்ளே இருக்கும் கியர் பின்னோக்கித் திரும்பாது, பல்தான் உடையும்.

பிளேடு மாற்றும்போது வைப்பர் கையைத் தூக்கி நிறுத்துவீர்கள் அல்லவா, கண்ணாடி மேல் ஒரு துணியை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடியில் விரிசல் விழும். நீளம் கூடுதலாக இருந்தால் நன்றாகத் துடைக்கும் என்று பெரிய பிளேடு போடாதீர்கள். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் மேலே கொட்டிய தண்ணீர் காய்ந்து, பங்குனிப் புழுதியோடு கண்ணாடியில் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் வைப்பரை ஓட்டினால் கோடு கோடாகக் கீறும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறும்.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. 1970-இல் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கத்துக்கு மாறின. ஆனால் நாம் ஓட்டும் ஜப்பான் லாரிகளில் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். டிரைவர் சாலையின் ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், எதிரே வருவதெல்லாம் முன் கண்ணாடியின் இடது பாதி வழியாகத் தெரிய வேண்டும். முன்னால் போகும் வண்டியைத் தாண்டலாமா என்று கிளீனர் பையன் எட்டிப் பார்த்துச் சொல்வதும் அந்த இடது பாதி வழியாகத்தான். டிரைவர் பக்கத்து வைப்பர் கெட்டதும் இடது பக்கத்துக் கையைக் கழற்றி வலது பக்கம் மாட்டிக்கொண்டு, இடப்பக்கத்தை மொட்டையாக விட்டு ஓட்டுகிறார்கள். அப்படி வந்த வண்டியை, இரண்டு கையும் ஓடாமல் நான் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை.